ஆர்எக்ஸுக்கு பிபி பார்த்த கதை

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பேரோ வள்ளல் பேரோ வைத்திருக்கிறார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பேர் வைத்த வளைவில்தான் என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் எஞ்சின் இரண்டாவது முறையாகப் பிடித்துக்கொண்டது, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகி நின்றுவிட்டது. இறங்கி வந்துகொண்டிருந்தேன். திடீரென்று பின்சக்கரம் தரையை இழுத்தது, கை தானாகக் கிளட்சை அமுக்கியது, அவ்வளவுதான். சைலன்சர் மட்டும் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. பாரி தேரை விட்டுவிட்டு நடந்து போயிருப்பான். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வண்டியை நியூட்ரலில் போட்டு, அடிவாரம் வரைக்கும் பிரேக்கைப் பிடித்தபடி உருட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மூன்று பழைய ஜப்பான் வண்டிகள் இருக்கின்றன. அப்பா ஓட்டிய ஹீரோ ஹோண்டா சிடி 100, நான் வாங்கிய 1994 மாடல் ஆர்எக்ஸ் 100, புத்தி கெட்டு வாங்கிய ராஜ்தூத் 350. மூன்றுமே இங்கே பூட்டிய வண்டிகள்தான், ஆனால் வித்து ஜப்பான். 1984-ல் ஓசூரிலிருந்து இந்த்-சுஸுகி, 85-ல் ஹோண்டாவும் யமஹாவும், 86-ல் பஜாஜ் வழியாக கவாஸாகி என்று வரிசையாக 100 சிசி வண்டிகள் வந்து இறங்கிய காலம் அது. 350 அதற்கும் முந்தியது. யமஹா ஆர்டி 350-ஐத்தான் எஸ்கார்ட்ஸ் 1983 முதல் ராஜ்தூத் பேரில் விற்றது. வெளிநாட்டு வண்டியில் முன்பக்கம் டிஸ்க் பிரேக், இங்கே விலையைக் குறைக்க டிரம். அந்த டிரம்மை நம்பி அந்த வண்டியை ஓட்டியவர்கள் எல்லாம் தைரியசாலிகள்.

'பழைய வண்டி ஒண்ணு வாங்கணும், எத்தனை சிசி வாங்கலாம்' என்று கேட்டு யாராவது வந்தால் நான் சிசியைப் பற்றிப் பேசுவதே இல்லை. உங்கள் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் அந்த எஞ்சினைத் திறந்து மூடத் தெரிந்த கைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள் என்பேன். வேலூரில் சிடி 100-க்குத் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஆர்எக்ஸுக்கு என்னால் மூன்று பேரைச் சொல்ல முடியும். 350-க்கு ஒருவரும் கிடைக்காமல், அதன் கிராங்க், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுற்றலாக்கும் தண்டு, பெங்களூர் போய் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆர்எக்ஸ்.

வாங்கியபோது வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலோடு சேர்ந்து போகும் டூடி ஆயில்தான் பிஸ்டன் தேயாமல் காப்பது. முந்தைய ஓனர் ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே அந்த ஆயிலைக் கலந்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஊரில் பாதி ஆர்எக்ஸ் அப்படித்தான். யமஹா கொடுத்த ஆட்டோலூப் பம்ப், ஆக்சிலேட்டர் முறுக்குவதற்கு ஏற்ப ஆயிலை அளந்து விடும் நல்ல சாமான். ஆனால் பம்பில் காற்று புகுந்து ஆயில் நின்றுவிட்டால் வெளியே தெரியாது, பிஸ்டன் போன பிறகுதான் தெரியும். அந்தப் பயத்தில் கழற்றிவிடுகிறார்கள். நானும் லிட்டருக்கு 30 மில்லி கலந்து ஓட்டினேன்.

முதல் முறை பிடித்தது கத்திரி வெயிலில், பள்ளிகொண்டா தாண்டி ஹைவேயில். மெக்கானிக் பாய் சிலிண்டரைக் கழற்றிக் காட்டினார். பிஸ்டனில் சைலன்சர் பக்கம் அலுமினியம் உருகித் தேய்ந்து கோடு கோடாக இருந்தது. "இன்னா சார், இந்த வெய்யில்ல அறுபதுல அடிச்சிகினு போனா அது இன்னா பண்ணும்?" என்றார். வேலூர் வெயிலின் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் நம்பத் தோன்றும். 0.25 மில்லிமீட்டர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கி, சிலிண்டரை லேத்தில் கொடுத்து அதற்கேற்பக் கடைந்து, அதாவது ரீபோர் செய்து பூட்டினோம்.

அந்த லேத்துக்காரர் செய்த காரியத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் போர்ட்டுகள், அதாவது ஜன்னல்கள், இருக்கும். போர் பண்ணியதும் அந்த ஜன்னல் ஓரங்கள் கத்திபோல ஆகிவிடும். அவற்றைச் சின்ன அரத்தாலோ எமரியாலோ லேசாக மழுங்கச் செய்ய வேண்டும். இல்லையென்றால் பிஸ்டனோடு மேலும் கீழும் போகிற ரிங் அந்த ஓரத்தில் மாட்டும். அவர் அதைச் செய்யவில்லை. நானும் அப்போது விரலை விட்டுத் தடவிப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் லேத்திலிருந்து சிலிண்டர் வந்தால் முதல் வேலை, பழைய ரிங் துண்டை எடுத்துப் போர்ட் ஓரத்தில் இழுத்துப் பார்ப்பது. கொக்கி போட்டால் அரம் எடுக்கிறேன்.

இரண்டாவது முறைதான் ஏலகிரி. அதற்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் வண்டியை, நீள இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடிவிட்டு கியரிலேயே இறக்கினால், எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆனால் உள்ளே போகும் பெட்ரோல் குறைவு, அதனால் ஆயிலும் குறைவு. பிஸ்டன் காய்ந்து பிடிக்கும். இது உண்மைதான். இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிக் கொடுக்க வேண்டும். நான் செய்யவில்லை. அதனால் தப்பை என் தலையிலேயே போட்டுக்கொண்டு, 0.50 பிஸ்டன் வாங்கினேன்.

இரண்டு முறையும் கிடைத்த காரணம் நியாயமானது. அதனால்தான் மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தோன்ற வைத்தது காட்பாடி ரயில்வே மேம்பாலம். மாலை நேரம், பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி கையை எடுத்தேன். ஐடிலிங் இறங்க வேண்டாமா? இறங்கவில்லை. ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கியது போல எஞ்சின் உயர்ந்தே நின்றது. பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல இறங்கியது. கேபிளை ஆட்டிப் பார்த்தேன், லூசாகத்தான் இருந்தது. வண்டி ஆறிய பிறகு எந்தத் தொல்லையும் இல்லை. சூடானால் மட்டும் இப்படி.

டூ ஸ்ட்ரோக்கில் இது பெரும்பாலும் ஒரு விஷயத்தைத்தான் சொல்கிறது. எங்கிருந்தோ கார்புரேட்டருக்குத் தெரியாமல் காற்று உள்ளே போகிறது. இந்த எஞ்சினில் பெட்ரோல் கலவை நேரே சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் கீழே கிராங்க் இருக்கும் அறைக்குள் போய், அங்கே அமுங்கி, பிறகுதான் மேலே ஏறுகிறது. அந்த அறை காற்றுப் புகாமல் இருப்பதற்குக் காவல், கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் ஆயில் சீல்கள். இடது பக்கத்து சீல், வண்டிக்குக் கரண்ட் தயாரிக்கும் மேக்னெட்டுக்குப் பின்னால். அது காய்ந்து போனால் காற்று கூடும், பெட்ரோல் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும். வலது பக்க சீல் போனால் வேறு கதை. கிளட்ச் பக்கத்து கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக் குடிக்கும், வெள்ளைப் புகை நிற்காது, கியர் ஆயில் மட்டம் குறைந்துகொண்டே வரும்.

சந்தேகம் வந்துவிட்டது, சரி. எப்படி உறுதி செய்வது? எஞ்சினை மூடி அடைத்துக் காற்றை ஏற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 6 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடலாம். பஞ்சர் கடை கம்ப்ரஸரை இந்த வேலைக்குக் கிட்டவே கொண்டுவரக் கூடாது. ஆனால் 6 பிஎஸ்ஐயை ஒழுங்காகக் காட்டும் மீட்டருக்கு எங்கே போவது? டயர் மீட்டரில் முள் அசையக்கூட அசையாது.

அப்போதுதான் அப்பாவுக்கு பிபி பார்க்கும் மெஷின் கண்ணில் பட்டது. வட்ட முள் மீட்டர், கையில் அமுக்கும் ரப்பர் பல்பு, காற்றை விடும் திருகு. மீட்டரில் 300 வரைக்கும் இருந்தது. 300 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் கிட்டத்தட்ட 5.8 பிஎஸ்ஐ. இதைவிடப் பொருத்தமான சாமானை வண்டிக்காகவே செய்தாலும் கிடைக்காது. இந்த ஊரில் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றி எத்தனை சர்ஜிக்கல் கடைகள்! யாருக்கும் தோன்றாமல் போனது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அம்மா மட்டும் பார்த்துவிட்டார். "ஏன்டா, அப்பா கையில கட்டுறத எடுத்துகினு போய் அந்த சனியனுக்கு கட்டப் போறியா?"

கட்டினேன். ஒரு பழைய பிளக்கின் வெள்ளைப் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, ஓட்டைக்குள் ஒரு பித்தளைக் குழாயைச் செருகி, சுற்றிலும் எம்-சீல் அடைத்து ஒரு ராத்திரி காயவிட்டேன். சைலன்சரைக் கழற்றி, லாரி டியூப்பில் வெட்டிய ரப்பரை வைத்து, மேலே ஒரு பட்டைத் தகடு போட்டு அதே போல்ட்டால் இறுக்கினேன். கார்புரேட்டர் மாட்டும் ரப்பர் குழாயில், அளவாகக் கடைந்த மரக்கட்டையைச் செருகிக் கிளாம்பு போட்டேன். பம்பிலிருந்து ஆயில் வரும் பழைய துளை ஏற்கெனவே அடைத்துத்தான் இருந்தது, அதன் மேலும் ஒரு சுற்று டேப். பிஸ்டனை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தால் மேலும் கீழும் ஒரே அறை ஆகிவிடும். பிளக் துளையில் என் பீங்கானில்லாத பிளக்கைப் பூட்டி, பல்பின் குழாயை மாட்டினேன்.

பல்பை அமுக்க அமுக்க முள் ஏறியது. 100. 180. 260. நிறுத்தினேன். முள் நிற்கவில்லை. அப்பாவுக்கு பிபி பார்க்கும்போது திருகை மெல்லத் திறந்தால் இறங்குமே, அதே நிதானத்தில், ஆனால் திருகு மூடியபடியே இறங்கியது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, 80-க்கு வந்துவிட்டது.

பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் ஹெட் ஓரம், சிலிண்டர் அடி, கேஸ் நடுக்கோடு எல்லா இடமும் தடவினேன். எங்கேயும் ஒன்றுமில்லை. இடது மூடியைத் திறந்து, புல்லர் போட்டு மேக்னெட்டை எடுத்து, காயில் தட்டையும் கழற்றிவிட்டு சீலின் மேல் ஒரு துளி சோப்புத் தண்ணீர் விட்டேன். பல்பை அமுக்கியதும் கிராங்க் தண்டின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் குமிழிகள், சோறு கொதிக்கும்போது ஓரத்தில் வருமே, அப்படிப் புறப்பட்டு வந்தன. இரண்டு பிஸ்டன், இரண்டு ரீபோர், பாரி வளைவிலிருந்து உருட்டிய உருட்டு எல்லாவற்றுக்கும் காரணம் அந்த இடத்தில் விரல் மொத்தத்துக்கு இருந்த ரப்பர் வளையம். விலை ஒரு பிரியாணிக்குக்கூட வராது.

பழைய சீலை எடுக்க, அதன் உலோக முகத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூவை ஏற்றி, கட்டிங் பிளையரால் இழுத்தால் வந்துவிடும். தண்டைக் கீறிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். என் தண்டில் பழைய சீலின் உதடு ஓடி ஓடி நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. புது சீலையும் அதே ஆழத்தில் அடித்தால் அதே பள்ளத்தில்தான் உட்காரும். அதனால் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும்படி, உதட்டில் கிரீஸ் தடவி, சாக்கெட்டை வைத்து மெல்லத் தட்டி இறக்கினேன். மறுபடி பல்பு. 260-ல் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தபோது 250.

பாய்க்கு போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அந்த பல்ப கொஞ்சம் எட்துகினு வா சார், இங்க ரெண்டு வண்டி கீது."

சிடி 100-ஐப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அதன் பெருமை. 97.2 சிசி, நாலு ஸ்ட்ரோக், கேட்டதெல்லாம் சுத்தமான ஆயில். வருஷத்துக்கு ஒரு முறை, எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறிய பிறகு காலையில் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளி, பார்க்கிறேன். இடது மூடியில் இருக்கும் இரண்டு சின்ன மூடிகளைத் திறந்து, டீ குறி வரும்வரை கிராங்கைச் சுற்றி, இரண்டு ராக்கரும் லேசாக ஆடுகிறதா என்று பார்த்து, 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் தகட்டை விட்டு இறுக்குவது. ஃபீலர் இழுக்கும்போது ஈரக் காகிதத்தை உருவுவது போல இருக்க வேண்டும். பலர் மறக்கும் ஒரு வேலை உண்டு. வலது பக்கம் கிராங்க் முனையில் சுற்றும் ஆயில் ஃபில்டர். காகித ஃபில்டர் கிடையாது, சுற்றுகிற வேகத்தில் அழுக்கை ஓரத்தில் ஒதுக்கும் கிண்ணம். அப்பா வண்டியில் அதைத் திறந்தபோது கறுப்பு அல்வா மாதிரி ஒரு வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் முறையாக வண்டி வாங்குகிறவர் இதிலிருந்து தொடங்கலாம். கை பழகும், பாக்கெட் பிழைக்கும்.

350 அப்படி இல்லை. 100-ன் மூன்றரை மடங்கு வேலை என்று நினைத்துத்தான் வாங்கினேன். சிலிண்டர் இரண்டு என்றால் வேலை இரண்டு மடங்கு இல்லை. இரண்டையும் ஒன்றுக்கொன்று சமமாக வைத்திருப்பதே தனி வேலை. கார்புரேட்டர் இரண்டு, அவற்றின் ஸ்லைடுகள் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். பிளக்கில் எப்போது பொறி வர வேண்டும் என்று முடிவு செய்யும் பாயிண்ட் இரண்டு, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு 2 மில்லிமீட்டர் முன்னால் வரும்போது அதனதன் பாயிண்ட் திறக்க வேண்டும். பிளக் துளையில் டயல் கேஜ், பாயிண்ட்டில் ஒரு சின்ன லைட் பல்பு, அது எரிகிற கணத்தில் கேஜைப் படிப்பது. ஒரு பக்கம் சரி செய்யும்போது மற்றது ஒரு மயிரிழை நகரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

வாங்கிய கையோடு அதற்கும் பிபி பார்த்தேன். இதில் ஒரு நுணுக்கம். இரண்டு கிராங்க் அறைகளுக்கும் நடுவில் இருப்பது உதட்டு சீல் அல்ல, வரி வரியாகப் பள்ளம் வெட்டிய லாபிரிந்த் சீல். எஞ்சின் நிற்கும்போது அது காற்றை முழுக்கத் தடுக்காது. ஒரு பக்கத்தை மட்டும் அடைத்துச் சோதித்தால் நல்ல எஞ்சினும் ஒழுகுவதாகத்தான் காட்டும். இரண்டு சைலன்சர் வாயையும் இரண்டு கார்புரேட்டர் வாயையும் சேர்த்து அடைக்க வேண்டும். அடைத்தேன். முள் விறுவிறுவென்று இறங்கியது. சோப்பு எங்கும் குமிழவில்லை. கடைசியில் கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வைத்தேன். உள்ளே சன்னமாக 'ஸ்ஸ்'. வலது சீல்.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடிலும் ஆட்டம் இருந்ததால் மொத்தமாகப் பிரித்து, கிராங்கைத் துணியில் சுற்றிப் பெங்களூருக்கு எடுத்துப் போனேன். இது போல்ட் போட்ட கிராங்க் இல்லை, பிரஸ்ஸில் அழுத்திச் சேர்த்தது. பிரித்துப் புது ராட் போட்டு மறுபடி அழுத்தும்போது கோணல் வராமல் நேர் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். அந்தச் செலவுக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய சிடி 100 வாங்கியிருக்கலாம். கோட்டை அகழி ஓரம் ஒரு காலை அதை மூன்றாவது கியரில் முறுக்கியபோது அந்தக் கணக்கு மறந்துபோனது என்பதையும் சொல்ல வேண்டும்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஸ்பேனரோடு ஒரு பென்சிலும் காகிதமும் எடுத்துப் போங்கள். சேஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத கிரைண்டர் கோடும் தெரியும். ஆர்எக்ஸ் 100 என்று சொல்லி ஆர்எக்ஸ் 135 எஞ்சின் உட்கார்ந்திருக்கும் வண்டிகள் நிறைய. ஓட்டச் சுகமாக இருக்கும், ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். 15 வருஷத்துக்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை படிவம் 25 கொடுத்து வண்டியைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

மூடி ஸ்க்ரூக்களையும் பாருங்கள். ஜப்பான் ஸ்டார் ஸ்க்ரூவின் பள்ளம் நம் கடை ஸ்டார் டிரைவரின் முனைக்குச் சரியாகப் பொருந்தாது. பல ஸ்க்ரூக்களின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். அதற்கான ஜேஐஎஸ் டிரைவர் இல்லாமல் திருகினால் வழுக்கி, பள்ளம் கிண்ணமாகிவிடும். எல்லா ஸ்க்ரூவும் கிண்ணமாக இருக்கும் வண்டியை, அவசரக் கைகள் பல தடவை திறந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பெட்ரோல் விஷயம் ஒன்று. இப்போது பம்பில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வைக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு கார்புரேட்டரைக் காலி செய்துவிடுகிறேன். செய்யாமல் விட்ட ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு 350-ன் இடது கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பாசிபோல ஒன்று படிந்திருந்தது. பைலட் ஜெட்டை ஊதி எடுக்க அரை நாள்.

ஆர்எக்ஸ் அதே 0.50 பிஸ்டனில் இப்போது 9,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. பிளக்கைக் கழற்றினால் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பல்பு போட்டுப் பார்க்கிறேன். அப்பாவுக்கு பேட்டரி போடும் புது பிபி மெஷின் வாங்கிக் கொடுத்தாயிற்று. அதன் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. 'முள்ளு ஏறி எறங்குறது கண்ணுக்குத் தெரியணும்பா' என்று சொல்லி, வாரத்துக்கு ஒரு தடவை ஷெட்டுக்கு வந்து பழையதைக் கேட்கிறார். கிரீஸைத் துடைத்துக் கொடுக்கிறேன்.